நேஷனல் பார்க் ஆற்றில் ஆடிப் பதினெட்டு

என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தன் பெண்டாட்டி, குளித்தலைப் பக்கத்துக்காரி. காவிரியில் குளித்து வளர்ந்தவள். நாங்கள் திருநெல்வேலிக்குத் தெற்கே. ஆடி என்றால் எங்களுக்கு அமாவாசையும் கோயில் கொடையும்தான். பதினெட்டாம் பெருக்கு என்ற ஒன்றை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவள் அவள்தான்.

கல்யாணமாகித் தாராவிக்கு வந்த முதல் வருஷமே கேட்டாள். "அக்கா, இங்க ஆறு எங்க இருக்கு?"

நான் கையை நீட்டிக் காட்டினேன். எங்கள் சந்து முடிந்து, பிளாஸ்டிக் மூட்டை கோடவுனைத் தாண்டி, பெரிய தண்ணீர்க் குழாய்களுக்கு அந்தப் பக்கம் போனால் மித்தி ஆறு. போய்ப் பார்த்துவிட்டு முந்தானையை மூக்கில் வைத்தபடியே திரும்பி வந்தாள்.

"அது ஆறு இல்லக்கா. யாரோ செத்து, தூக்க ஆள் இல்லாம கெடக்குற மாதிரி இருக்கு."

சிரித்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி சாக்கடை வாசம் காற்றில் வந்தபோது அவள் சொன்னது ஞாபகம் வந்தது. அப்புறம் அது மறக்கவில்லை. அவள் பேச்சு அப்படித்தான், காதுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

முதல் இரண்டு வருஷமும் குளியலறையில் ஒரு பக்கெட் தண்ணீருக்குப் பொட்டு வைத்து, பூ போட்டுக் கும்பிட்டாள். என் மாமியார் சும்மா இருப்பாளா? "காவேரி நம்ம வீட்டுப் பக்கெட்டுக்கே வந்துட்டா. முனிசிபாலிட்டிக்காரன் காதுல விழாம பாத்துக்கிடுங்க, அவளுக்கும் சேத்து மீட்டர் வச்சுருவான்" என்றாள். அத்தை பேசினால் சந்தே கேட்கும்.

மூன்றாவது வருஷம் யாரும் கேலி பேசவில்லை.

கொழுந்தன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். அந்த வருஷம் அவன் கப்பல் போக வேண்டிய கடலில்தான் கப்பல்களுக்கு ஏவுகணை அடி விழுந்துகொண்டிருந்தது. டிவியில் தீப்பிடித்த கப்பலைக் காட்டுவார்கள். அத்தை எழுந்து பக்கத்தில் போய், அது தன் மகன் கப்பலா என்று நிறத்தைப் பார்ப்பாள். கடைசியாக அவனிடமிருந்து வந்தது ஒரு வாய்ஸ் மெசேஜ். "இனிமே கொஞ்ச நாளு சிக்னல் இருக்காது. கப்பல் இருக்குற எடம் தெரியாம எல்லாத்தையும் அணைச்சு வச்சுட்டுப் போவாங்களாம். யாரும் பயப்படாதிய."

அத்தை அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டாள். "பயப்படாதியன்னு சொல்லும்போது தொண்டையைச் செருமுதான் பாத்தியா. இவனுக்குச் சின்னதுலேருந்து இந்தப் பழக்கம். பொய் சொல்லும்போதுதான் செருமுவான்" என்றாள்.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஓரகத்தி அனுப்பிய மெசேஜ் எல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றன. காலையில் சமைத்தது, மழை பெய்தது, அத்தைக்கு முட்டிவலி அதிகமானது என்று எல்லாவற்றையும் எழுதி அனுப்புவாள். ஒன்றின் கீழ் ஒன்றாக எல்லாம் ஒற்றை டிக். ஏஜென்ட் ஆபீசுக்குப் போன் செய்தால் ஒரு பெண் "ஆல் ஓகே மேடம்" என்று வைத்துவிடுவாள்.

"அந்த ஓகேயை நான் என்ன செய்ய, அடுப்புல போட்டு வேக வைக்கவா?" என்பாள் அத்தை.

ஆடி பிறந்ததும் ஓரகத்தி என்னிடம் வந்தாள். "இந்த வருஷம் பக்கெட்டெல்லாம் வேணாங்க்கா. ஓடுற தண்ணியில நின்னு தாலிக்கயிறு மாத்தணும். அவரு தண்ணியிலதான இருக்காரு."

எனக்குத் தெரிந்த ஓடுகிற ஆறு ஒன்றுதான். என் பையன் பள்ளிக்கூடப் பிக்னிக்குக்கு நானும் துணைக்குப் போயிருந்தேன், போரிவலி நேஷனல் பார்க்குக்கு. ஊர் நடுவில் அவ்வளவு பெரிய காடு, காட்டுக்குள் பள்ளத்தாக்கு, பாறைமேல் கண்ணாடி மாதிரி தண்ணீர். எங்கள் வீட்டுப் பின்னால் செத்துக் கிடக்கிற ஆற்றுக்கும் அந்த மலைதான் தாய்வீடு என்று அங்கே ஒரு டீச்சர் சொன்னாள். அதை ஓரகத்தியிடம் சொன்னேன்.

"அப்ப தாய்வீட்டுக்கே போயிருவோம்" என்றாள்.

நானும் வருகிறேன் என்று அத்தை சொன்னபோது நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாமா காலமானதிலிருந்து அத்தை எந்த நல்ல காரியத்திலும் முன்னால் நிற்பதில்லை. யாரும் அவளை விலக்கவில்லை, அவளாகவே விலகிக்கொண்டாள். என் நாத்தனார் மகள் சடங்குக்குக்கூடக் கதவுப் பக்கம் நின்று பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். "கண்ணு பட்டாத் தப்பில்ல, கை படக் கூடாது" என்பது அவள் கணக்கு. அவளிடம் எதிர்வாதம் செய்து ஜெயித்தவர் யாரும் இல்லை.

"நான் அங்கன ஒரு ஓரமா திரும்பி உக்காந்துக்கிடுதேன். எம்மவனுக்காகச் செய்யுத காரியத்துல வீட்டுல எப்படிளா இருப்பேன்?" என்றாள்.

எலுமிச்சை சாதம், தேங்காய்ச் சாதம், புளிச்சாதம், கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல். காதோலைக் கருகமணி மாட்டுங்காவில் வாங்கியது. புதுக் கயிற்றில் மஞ்சள் தடவி, நடுவில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டி, தட்டில் வைத்து மூடிக்கொண்டாள் ஓரகத்தி. முறை என்னவென்று அவளிடம் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தேன். முதலில் நான் புதுக் கயிற்றை அவள் கழுத்தில் கட்ட வேண்டும். கட்டின பிறகுதான் பழசை அவிழ்த்து, அதிலிருக்கிற பொன்னை எடுத்துக்கொண்டு, வெறும் கயிற்றை ஆற்றில் விட வேண்டும். கழுத்து ஒரு நிமிஷம்கூட வெறுமையாக இருக்கக் கூடாது.

மாஹிமில் ஸ்லோ வண்டி ஏறினோம். ஒரு வாரமாக மூஞ்சியைக் காட்டாத வெயில் அன்றைக்கு அடித்தது. லேடீஸ் பெட்டியில் எல்லோரும் ஈரக் குடையை மடக்கிப் பைக்குள் வைத்திருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மராத்திக்காரப் பெண் தட்டைப் பார்த்து என்ன பூஜை என்று கேட்டாள். ஆறு பெருகுகிற நாள், ஆற்றுக்குச் சோறு கொடுக்கப் போகிறோம் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். "எங்க ஏரியால ஆறு பெருகினா நாங்க டிவியையும் பிரிஜ்ஜையும் கட்டில்மேல தூக்கி வைப்போம்" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம்.

போரிவலியில் இறங்கும்போது தலைக்கு மேல் வெயில். ஆனால் மலைப்பக்கம் வானம் அடிபட்ட இடம் மாதிரி கன்றிப்போய்க் கிடந்தது.

கேட்டில் பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்தார்கள். காவலர் ஒருவர் சிறுத்தை படம் போட்ட போர்டைக் காட்டி, கூட்டமாகவே போங்கள், குனிந்து உட்காராதீர்கள், ஆற்றில் இறங்காதீர்கள் என்று மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் இந்தியில் சொன்னார். அத்தைக்கு முதல் இரண்டும்தான் காதில் விழுந்தது. "குனியாம எப்படிளா சாமி கும்பிட?" என்று கேட்டுக்கொண்டே நடந்தாள்.

உள்ளே போகப் போக ஊர் சத்தம் அடங்கியது. ரோடு ஓரமெல்லாம் பச்சை. மழையில் ஊறிய மரப்பட்டை கறுத்து, தொட்டால் கையோடு வரும்போல இருந்தது. குடையை விரித்து அதன் பின்னால் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். இந்த மர நிழலில் வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் எதற்குக் குடை என்று அத்தை சத்தமாகக் கேட்டாள். தமிழில் கேட்டதால் யாருக்கும் வருத்தமில்லை.

ரோட்டைவிட்டு ஒரு ஒற்றையடிப் பாதை கீழே இறங்கியது. இறங்குகிற இடத்தில் பாடாவிலிருந்து வந்த ஒரு பெண் கூடையில் வேகவைத்த சோளமும் வெள்ளரியும் விற்றுக்கொண்டிருந்தாள். காட்டுக்குள் இருக்கிற சின்னக் குடியிருப்புகளை அங்கே பாடா என்பார்கள். எங்களைப் பார்த்து "ஆற்றுக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மலைப்பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். "சீக்கிரம் வந்துவிடுங்கள்" என்று மட்டும் சொன்னாள்.

ஆறு அழகாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். கரைக்கும் நடுவில் இருந்த ஒரு பெரிய தட்டைப் பாறைக்கும் இடையில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர். அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம். ஓரகத்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் காலில் பட்டதும் நின்றுவிட்டாள். அவள் முகத்தை அந்த மாதத்தில் அப்படி நான் பார்த்ததில்லை. "அக்கா, இழுக்குது பாருங்க. ஓடுறது இழுக்குது" என்றாள்.

அத்தையைக் கைத்தாங்கலாகப் பாறைக்குக் கொண்டுபோனோம். முட்டிவலிக்காரி, பாறையின் மறுகோடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி, காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டாள். "நான் இங்கன இல்லன்னு வச்சுக்கிட்டுச் செய்யுங்க."

நானும் பாறையில்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் கரையில் வைத்த சாதப் பாத்திரங்களைச் சுற்றிக் குரங்குகள் வந்துவிட்டன. ஒன்று மூடியைத் திறந்தே விட்டது. "நீ விளக்கேத்தி மஞ்சள் பிள்ளையார் பிடிச்சு வை, இதுகளை விரட்டிட்டு வாரேன்" என்று ஓரகத்தியிடம் சொல்லிவிட்டுக் கரைக்கு வந்தேன். ஒரு குச்சியை எடுத்து ஆட்டினேன். குரங்குகள் பல்லைக் காட்டின, நகரவில்லை. நான் தமிழில் திட்டினேன். ஒரு பெரிய குரங்கு என்னைப் பார்த்துக்கொண்டே தேங்காய்ச் சாதத்தில் கையை விட்டது.

அப்புறம் திடீரென்று எல்லாக் குரங்கும் போய்விட்டன. என் குச்சிக்குப் பயந்து அல்ல. ஒரு குரங்கு மேலே எங்கேயோ இருமுகிற மாதிரி குரல் கொடுத்தது. அவ்வளவுதான், கையில் எடுத்த சாதத்தைக்கூடப் போட்டுவிட்டு மொத்தமும் மரத்தில் ஏறி, இன்னும் மேலே ஏறிப் போய்விட்டது. தொல்லை விட்டது என்று நினைத்தேன். பறவைச் சத்தமும் நின்றுபோயிருந்தது என்பது வீட்டுக்கு வந்து யோசிக்கும்போதுதான் புரிந்தது.

ஒரு சத்தம் கேட்டது. தூரத்தில் ஃபாஸ்ட் வண்டி ஸ்டேஷனில் நிற்காமல் போகிற சத்தம். இந்த ஊரில் அந்தச் சத்தத்துக்கு யாரும் தலையைத் திருப்புவதில்லை. நாங்களும் திருப்பவில்லை. அங்கே எங்கே தண்டவாளம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதலில் இலைகள் வந்தன. அப்புறம் சுள்ளிகள். ஒரு பெரிய தேக்கு இலை நிறைய எறும்பு ஏறி உட்கார்ந்து சுற்றிக்கொண்டே போனது. கூழாங்கல் மறைந்தது. தண்ணீர் டீ நிறமாகி, பின் செம்மண் நிறமாகியது.

ஓரகத்தி எழுந்து நின்றாள். "அக்கா, புதுத்தண்ணி. புதுத்தண்ணி வந்துருச்சு."

அவள் ஊரில் பதினெட்டுக்குக் காவிரியில் செந்தண்ணீர் வந்து படிக்கட்டைத் தொடுவதற்கு ஜனம் காத்துக்கிடக்கும் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். படி ஏறி வருகிற தண்ணீரைப் பார்த்துப் பயப்பட அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கும்பிடத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கையைக் குவித்துக் குலவை போட்டாள். அந்தக் குலவை பள்ளத்தாக்கில் மோதித் திரும்பி வந்தது. கரையில் நின்ற நானும் போட்டேன். மாமா போன பிறகு குலவையே போடாத அத்தை, திரும்பி உட்கார்ந்தபடியே போட்டாள். மூன்று பேரும் வெள்ளத்தை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றோம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் முறையை மறந்தாள். முதல் புதுத்தண்ணியிலேயே பழைய கயிறு போய்விட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. கழுத்திலிருந்த கயிற்றை அவிழ்த்து, பொன்னை உருவி முந்தானையில் முடிந்துகொண்டு, கயிற்றைச் செந்தண்ணீரில் விட்டுவிட்டாள். அது ஒரு சுழி சுழித்துக் காணாமல் போனது. புதுக் கயிற்றைத் தட்டிலிருந்து எடுத்து, கழுத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"வாங்கக்கா, கட்டுங்க."

நான் தண்ணீரில் கால் வைத்தேன். முழங்காலுக்குக் கீழே இருந்த இடம் தொடைக்கு வந்திருந்தது. இன்னொரு எட்டு வைத்ததும் இடுப்பு. யாரோ காலை வாரிவிட்ட மாதிரி சரிந்தேன். ஒரு வேரைப் பிடித்துக் கரையேறினேன். திரும்பிப் பார்த்தால் பாறைமேல் வைத்திருந்த விளக்கு இல்லை. பாறையின் கீழ்ப்பாதியும் இல்லை.

"தட்டைப் போட்டுட்டு வா, ரெண்டு பேரும் கையப் பிடிச்சுக்கிட்டு வாங்க" என்று கத்தினேன். மேலே சோளக்காரி "உபர், உபர்", மேலே ஏறுங்கள் என்று கத்திக்கொண்டு ஓடி வருவது கேட்டது.

ஓரகத்தி அசையவில்லை. கயிற்றை இரண்டு கையாலும் கழுத்தில் பிடித்தபடி நின்றாள். "கட்டாம வரமாட்டேன்க்கா."

"கரைக்கு வந்து கட்டிக்கிடலாம் பிள்ளே."

"வெறுங்கழுத்தோட இந்தத் தண்ணியில எறங்க மாட்டேன். அவரு நடுக்கடல்ல இருக்காரு."

அத்தை எழுந்துவிட்டாள். யாரும் தூக்கிவிடாமல் அவள் எழுந்து நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. "உசிரு போச்சுன்னா எந்தக் கழுத்துலளா கட்டுவே? நட" என்று தோளைப் பிடித்து இழுத்தாள். இவள் அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. பிடிவாதமும் இல்லை. அவளுக்குள் ஒரு கதவு சாத்திக்கொண்டது போல இருந்தது. தானே முடிச்சுப் போடப் பார்த்தாள். மஞ்சள் ஈரத்தில் கயிறு வழுக்கியது.

தண்ணீர் பாறைமேல் ஏறி அவள் மடியைத் தொட்டது.

அத்தை என்னைப் பார்த்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் செம்மண் வெள்ளம். அவ்வளவு தூரத்திலும் அவள் என்ன கேட்கிறாள் என்று தெரிந்தது. என்னால் வர முடியுமா என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன், முடியாது.

அத்தை வலதுகையைச் சேலையில் துடைத்தாள். திரும்பவும் துடைத்தாள். எதையோ தேய்த்து எடுக்கப் பார்க்கிற மாதிரி துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு இவளுக்குப் பின்னால் மண்டியிட்டு, கயிற்றின் இரண்டு நுனியையும் வாங்கினாள். உதடு அசைந்தது, என்ன சொன்னாள் என்று தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை. மூன்று முடிச்சு. மூன்றையும் நிதானமாகப் போட்டாள். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தாள்.

முடித்ததும் ஓரகத்தி எழுந்துவிட்டாள், தூக்கத்திலிருந்து எழுந்த மாதிரி.

எப்படிக் கரைக்கு வந்தார்கள் என்பது எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். குடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு ஜோடி ஓடி வந்தது. அந்தப் பெண்ணின் துப்பட்டாவும் சோளக்காரியின் சேலைத் துணியும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். அந்தப் பையன் மார்பளவு தண்ணீரில் இறங்கினான். நானும் சோளக்காரியும் பின்னால் மரத்தைப் பிடித்துக்கொண்டு இழுத்தோம். அத்தை கடைசியில் வந்தாள். அவள் கால் பாறையை விட்டதும் பாறை இருந்த இடமே தெரியவில்லை. சாதம், பாத்திரம், செருப்பு எதுவும் இல்லை. ரோட்டில் விசில் ஊதிக்கொண்டு காவலர்கள் ஓடுவது தெரிந்தது. எங்கள் தலைக்கு மேல் அப்போதும் ஒரு சொட்டு மழை இல்லை.

காவலர் மராத்தியில் வைதார். நியாயம்தான். சோளக்காரி எங்களுக்காகப் பேசினாள், பைத்தியக்காரர்கள், வெள்ளத்தைப் பார்த்துப் பாட்டுப் பாடினார்கள் என்று.

திரும்பி வரும்போது ரயிலில் ஈரத்தோடு இருந்த எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். அத்தை எங்கள் பக்கத்தில் உட்காரவில்லை, எதிர்வரிசைக்குப் போனாள். வலதுகையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அந்தேரி தாண்டினபோது என்னைச் சைகையில் கூப்பிட்டுக் காதோரம் சொன்னாள். "வீட்டுக்குப் போனதும் அதை அவுத்துட்டு நீ கட்டிரு. வெளிய யாருட்டயும் மூச்சு விடாத."

ஓரகத்திக்குக் கேட்டுவிட்டது. "அத்தை கட்டுனதே இருக்கட்டும்" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி.

"ஏளா, நான் யாரு, என்னன்னு தெரிஞ்சுதான் பேசுதியா?"

"அவரைப் பெத்தவங்க."

அத்தை வலதுகையை முந்தானைக்குள் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டாள்.

அடுத்து வந்த நாட்கள்தான் எனக்கு ஆற்றைவிடப் பயமாக இருந்தன. சந்து முழுவதையும் சிரிக்கவைத்த அத்தை வாயைத் திறக்கவில்லை. போன் அடித்தால் எடுக்க மாட்டாள், என்னை எடுக்கச் சொல்வாள். சாமி விளக்குப் பக்கம் போகவில்லை. மகன் சட்டை ஒன்று கொடியில் கிடந்தது, அதை மடிக்கக்கூட இடதுகையால்தான் மடித்தாள். ஓரகத்தி மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருந்தாள், ஒற்றை டிக். டிவியில் இன்னொரு கப்பல் எரிந்தது. அதன் நிறம் என்ன என்று அத்தை பார்க்கவில்லை, எழுந்து வெளியே போய்விட்டாள்.

ஒருநாள் குழாயில் தண்ணீர் வருகிற நேரம். நாங்கள் குடத்தோடு ஓடிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. கொழுந்தன்தான். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போனார்களாம், ஏதோ ஒரு துறைமுகத்தில் நிற்கிறார்களாம். "ஒண்ணும் இல்ல, வெங்காயம்தான் தீந்துபோச்சு, கப்பல் பூரா என்னைத் திட்டுதானுவ" என்றான். ஓரகத்தி போனைக் காதில் வைத்தபடி குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். குடம் நிரம்பி வழிந்து அவள் மேலே ஓடியது. யாரும் குழாயை மூடவில்லை. பின்னால் வரிசையில் நின்ற பெண்கள்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. தாராவித் தண்ணீர் வரிசையில் அது நடக்கிற காரியம் இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஒரு நல்ல நாள் பார்த்து, கோயிலில் வைத்துப் பொன்னைக் கோத்துப் புதுக் கயிறு கட்டிவிடலாம் என்று அத்தையிடம் பேச்செடுத்தேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதைத் தொடாதிய."

"நீங்கதான அத்தை அவுக்கச் சொன்னிய?"

"அது அப்ப. அவன் போன்ல பேசியாச்சு. ஆனா இன்னும் தரையில கால் வைக்கல. திரும்பி வாரப்ப எந்தக் கடல் வழியா வரச் சொல்லுவானுவளோ. அவன் இந்த வாசப்படி ஏறுற வரைக்கும் ஒரு முடிச்சு அவுரக் கூடாது."

முன்பு அந்தக் கயிறு இருப்பது அவளுக்குப் பயம். இப்போது அது அவிழ்ந்துவிடுமோ என்று பயம். ராத்திரி விழித்துக்கொண்டால் ஓரகத்தி படுத்திருக்கிற பக்கம் பார்த்துவிட்டுத்தான் மறுபடி படுப்பாள். பகலில் அவள் குனிந்தால், "பைய, பைய" என்பாள். ஓரகத்தி கழுத்தை ஒரு சொம்புத் தண்ணீர் மாதிரி தூக்கிக்கொண்டு நடக்கிறாள்.

ஆனால் கயிறு பருத்தி நூல். பம்பாய் மழைக்காலத்தில் எதுவும் காய்வதில்லை. வேர்வையும் சோப்பும் பட்டு மஞ்சள் போய் அழுக்கு நிறமாகிவிட்டது. ஒரு இழை தெறித்து நின்றது. தீபாவளி தாண்டியதும் இன்னொன்று. கப்பல் மறுபடி கிளம்பிவிட்டது. இனிக் கொஞ்ச நாள் சிக்னல் இருக்காது என்று அவன் சொன்ன மெசேஜில் தொண்டையைச் செருமினான். மூன்று பேரும் கேட்டோம்.

இன்றைக்குக் காலையில் அத்தை என்னைக் கூப்பிட்டாள். பிடரிப் பக்கம் முடிச்சுக்குப் பக்கத்தில் கயிறு பாதிதான் இருக்கிறது. சேலைக்கு ஃபால்ஸ் தைப்பதுதான் என் பிழைப்பு, எத்தனையோ மெல்லிசுத் துணி என் கையில் பட்டிருக்கிறது. "அவுக்காம தைக்க முடியுமா?" என்று கேட்டாள்.

ஓரகத்தியை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்தோம். கூந்தலைத் தூக்கி முன்னால் போட்டாள். அத்தை தன் வலதுகை விரலைக் கயிற்றுக்கும் கழுத்துக்கும் நடுவில் நுழைத்துக்கொண்டாள், ஊசி குத்தினால் தன் மேல் குத்தட்டும் என்று. நான் மஞ்சள் நூலைக் கோத்து, பழைய இழைகளின் மேல் சுற்றிச் சுற்றித் தைக்க ஆரம்பித்தேன். முடிச்சின் மேல் ஊசி படாமல் தைக்க வேண்டும், இழுத்தும் விடக் கூடாது.

"மூச்சைப் பிடிச்சுக்கோளா" என்றாள் அத்தை. அவளும் பிடித்துக்கொண்டாள்.